கண் வைத்த இடம்

நான் கண்ணை எடுத்ததும் டேனியல் சார் செய்த முதல் வேலை, ஸ்பிரிட் பாட்டிலைத் தேடியதுதான்.

மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கிற இரண்டு குழல்களையும் பஞ்சால் துடைத்தார். துடைத்துவிட்டு, பஞ்சைத் திருப்பிப் பிடித்து இன்னொரு முறை. சீ! ஒரு மனுஷி முகம் வைத்த இடத்தைத் துடைப்பதுபோலவா இருந்தது? கக்கூஸ் கதவின் கைப்பிடியைத் துடைப்பதுபோல் இருந்தது.

ஆம்பூருக்கு வெளியே இருக்கிற எங்கள் ஷூ கம்பெனியில் அவர் குவாலிட்டி மேனேஜர். நான் அவருக்குக் கீழே, லேபில் தோல் பார்க்கிறவள். எதிரே முதலாளி ஹபீப் பாய். பக்கத்தில், சென்னையிலிருந்து இரண்டு மைக்ராஸ்கோப்புகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்த சேல்ஸ்காரர் இளம்பரிதி.

ஒன்று, இரண்டு கண்ணையும் வைத்துப் பார்ப்பது. மற்றது கேமரா வைத்தது. டிவி மாதிரி திரையில் பார்த்தால் போதும். இரண்டில் ஒன்றைத்தான் பாய் வாங்குவார்.

எனக்குக் கண் வைத்துப் பார்ப்பதுதான் வேண்டும். ஆசைக்கு இல்லை, வயிற்றுப்பாட்டுக்கு.

போன மாதம் ஆட்டுத்தோல் லைனிங்கில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். கை லென்ஸில் பார்த்துவிட்டு, தோலில் பூக்கிற உப்பு என்று சொன்னேன். கப்பல் போய்ச் சேர்வதற்குள் அந்த உப்பெல்லாம் பூஞ்சையாகி, பெட்டியைத் திறந்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டானாம். பழி என் தலையில் விழுந்தது. இன்னொரு தடவை தப்பானால், தோல் பதனிடுகிற டேனரிக்குப் போய் ஈரத்தோல் அலச வேண்டியதுதான் என்று டேனியல் சார் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

அந்த லைனிங் துண்டுதான் இன்று குழலுக்குக் கீழே கிடந்தது. உவ்வே! சாம்பல் நிறத்தில் மயிர் மயிராக எழுந்து நிற்கிறது. நடுவில் கண்ணாடிபோல ஒரு பூச்சி சாவகாசமாக ஊர்கிறது.

குமட்டினாலும் எனக்கு உயிர் வந்தது. உப்பு படுத்துக் கிடக்கும், பூஞ்சை எழுந்து நிற்கும். இரண்டு கண்ணாலும் பார்த்தால் பச்சைக் குழந்தைகூடச் சொல்லிவிடும். அதே துண்டு திரையில் வெறும் வெள்ளைக் கறை.

டேனியல் சார் துடைத்த பஞ்சைத் தூக்கிக் காட்டினார். கறுப்பாக இருந்தது.

"பாத்தீங்களா பாய்? இவங்கல்லாம் டேனரி லைன் வீட்லேர்ந்து வர்றவங்க. எவ்ளோ அழுக்கு பாருங்க."

"டேனியல், அது என் சுர்மாப்பா," என்றார் பாய்.

வெள்ளிக்கிழமை. தொழுகைக்குக் குளித்து, கண்ணுக்குச் சுர்மா மை இட்டுக்கொண்டு வந்திருந்தார். எனக்கு முன்னால் கண் வைத்தவர் அவர்தான்.

"ஐயோ பாய், உங்களுது போய் அழுக்கா? பரக்கத்தாச்சே, ஆசீர்வாதமாச்சே!" என்று பல்லைக் காட்டினார் டேனியல் சார்.

த்தூ. இப்படியும் ஒரு பிழைப்பா!

பிறகு குனிந்து, குழலில் முகம் பட்டும் படாமலும் பார்த்தார்.

"அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சார். மேடம் கண்ணுக்கு வெச்சது உங்களுக்குச் சரிப்படாது," என்றார் இளம்பரிதி.

ஆளுக்கு ஆள் இரண்டு கண்ணுக்கும் நடுவில் உள்ள தூரம் மாறுமாம். பாய்க்குக் குழல்களை அகலமாக விரித்து வைத்திருந்தார்கள். நான் நன்றாக நெருக்கி, பார்வையைச் சரிசெய்கிற இடது குழல் வளையத்தைக் கடைசிவரை திருகியிருந்தேன். எனக்குப் பிறவியிலேயே இடது கண் மந்தம்.

"இல்லியே, சூப்பரா தெரியுதே. பூச்சி ஊர்றதுகூடத் தெரியுது," என்றார் டேனியல் சார்.

இளம்பரிதி ஒரு நிமிஷம் வளையத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

"அதெப்படி சார்? எவ்ளோ லேப்ல காட்டியிருக்கேன், ஒருத்தர் வெச்சது அப்படியே இன்னொருத்தருக்குப் பொருந்தி நான் பாத்ததில்ல. அதும் இடது கண்ணு இவ்ளோ வீக்கா. நீங்களும் மேடமும் ஒரே வயித்துல பொறந்த மாதிரி இருக்கே!"

பாயும் சேர்ந்து சிரித்தார்.

டேனியல் சாரின் காது மடல் சிவந்தது. தலையை நிமிர்த்தாமலே கையை மட்டும் நீட்டி, இடது வளையத்தை எதிர்ப்பக்கமாகத் திருகினார். குழல்களை விரித்தார், பாய்க்கு விரித்ததைவிட அகலமாக.

"இப்பத்தான் கரெக்டா தெரியுது," என்றார்.

என்ன தெரிந்திருக்கும், மண்ணாங்கட்டி! எல்லாம் மங்கலாகத்தான் இருந்திருக்கும். பூஞ்சையைவிட அந்தக் குனிந்த முதுகுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

"சரி டேனியல், எதை எடுக்கலாம்? நீயே சொல்லு," என்றார் பாய்.

"ஸ்க்ரீன் வெச்சதே எடுங்க பாய். கண்டவங்க கண்ணு வெச்ச எடத்துல நாம வெக்க வேணாம்."

பாய் தலையாட்டிவிட்டார். அவ்வளவுதான், முடிந்தது. அடுத்த சரக்கில் நான் மறுபடியும் உப்பு என்பேன், மறுபடியும் பூஞ்சையாகும், என்னை ஈரத்தோலுக்கு அனுப்புவார்கள்.

இந்த வேலையை எனக்கு வாங்கித் தந்தவரே டேனியல் சார்தான். அப்போது அவர் போட்டது ஒரே ஒரு கண்டிஷன். அவரைப் பற்றி கம்பெனியில் யாரிடமும் மூச்சு விடக்கூடாது. நானும் இந்த நிமிஷம்வரை விட்டதில்லை.

இனி எந்த வேலையைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டிருப்பது?

இளம்பரிதி எனக்கு வேண்டிய மைக்ராஸ்கோப்புக்கு உறையை எடுத்தார். நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"நீங்க சொன்னது சரிதாங்க," என்றேன். "எங்க அம்மாவுக்கும் இடது கண்ணு இப்படித்தான். பேரு சவுரியம்மாள். டேனரி லைன்லதான் இருக்காங்க. என்னையும் இவரையும் பெத்தவங்க."