தண்ணீரே வராது

ஜன்னலுக்குக் கீழே, நடுத்தெருவில், அவளுக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

வைக்கோல் உடம்பு. மண்சட்டித் தலை. விழாவுக்கு அவள் கட்டியிருந்த அதே மஞ்சளில் ஒரு புடவை. தேடிப் பிடித்திருக்கிறார்கள், பாவிகள். கொசுவம்கூட ஒழுங்காக வைத்திருந்தார்கள்.

பேரூராட்சித் தலைவராகி ஒன்றரை வருடம். இதுவரை அவளுக்காக இந்த ஊரில் யாரும் இவ்வளவு மெனக்கெட்டதில்லை.

எல்லாம் வாய் செய்த வேலை.

முந்தாநாள் குடிநீர்த் திட்டத் தொடக்க விழா. 'இனி இந்த ஊருக்குத் தண்ணீர்ப் பஞ்சமே வராது' என்று முடித்திருக்க வேண்டும். மண்டையைப் பிளக்கிற வெயிலில் பஞ்சத்தை விழுங்கிவிட்டாள்.

"இனி இந்த ஊருக்குத் தண்ணீரே வராது!"

சொன்னதோடு விட்டாளா? கையை உயர்த்திக் கைதட்டலுக்கு வேறு காத்து நின்றாள்.

ஒன்பது விநாடி. அது போய்ச் சேராத செல்போன் இல்லை. தொலைக்காட்சியில் நாலு பேர் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அவளுடைய உள்நோக்கத்தை ஆராய்ந்தார்கள். வாய் தவறிவிட்டது என்று அவள் சொன்னதை ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதினோரு வருடமாகத் தெருக்குழாயில் சொட்டுத் தண்ணீர் பார்க்காத ஊர். அவர்கள்மேல் முழுசாகக் கோபப்படவும் அவளால் முடியவில்லை.

மாவட்டச் செயலாளர் காலையிலேயே பேசிவிட்டார். பன்னிரண்டு மணிக்குள் கூட்டத்தின் முன்னால் கைகூப்பி மன்னிப்பு. இல்லையென்றால் ராஜினாமா. கடிதம் மேஜைமேல் தயாராக இருந்தது, கையெழுத்துதான் பாக்கி.

மணி பதினொன்றே முக்கால்.

விழாவில் பொத்தானை அமுக்கினார்களே தவிர, கடைசி இணைப்பு இன்றைக்குத்தான் முடிந்தது. பதினோரு மணிக்கு ஃபிட்டர் நாகூர்கனி போன் செய்தார்.

"வால்வைத் தொறந்துட்டேன்க்கா. பதினோரு வருசக் காத்து உள்ள கெடக்கு. அது போனாத்தான் தண்ணி."

கீழே போய் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இனி தண்ணீரைப் பற்றி அவள் வாயைத் திறப்பதாக இல்லை. வந்தால் அதுவே பேசட்டும்.

கீழே காலிக்குடங்களோடு பெண்கள். முன்வரிசையில் இருளாயி, கோஷம் போட்டுப் போட்டுத் தொண்டை கட்டிப்போயிருந்தாள்.

யாரோ தீக்குச்சியைக் கிழித்தார்கள். மஞ்சள் புடவை பற்றியது.

போலீஸ்காரர் ஒருவர் வாளியோடு பாய்ந்தார். வாளி காலி. சுற்றுமுற்றும் பார்த்தார். மூலையில் தெருக்குழாய். ஓடிப்போய்த் திருகினார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. போன வாரம்தான் மாற்றலாகி வந்தவர். உள்ளூர்க்காரர் யாரும் அந்தக் குழாய்ப் பக்கமே போயிருக்க மாட்டார்.

குழாய் உஸ்ஸென்று சீறியது.

இருமியது. துருவைத் துப்பியது.

அப்புறம் கொட்டியது.

கோஷம் பாதியில் நின்றது. தண்ணீர் வாளியில் விழும் சத்தம் மாடிவரை கேட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வந்துவிட்டது, வந்தேவிட்டது.

போலீஸ்காரர் கடமை தவறாமல் வாளியைத் தூக்கிப்போய் அவளை அணைத்தார்.

முதலில் குடத்தோடு கிளம்பியவள் இருளாயி. பாதி எரிந்த கொடும்பாவி குழாயடிக்குப் போகிற வழியில் கிடந்தது. அவள் அதைத் தூக்கிச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தாள். நழுவிய முந்தானையை இழுத்துவிட்டாள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அதற்குள் அங்கே வேறொரு குடம்.

"எங்கொடந்தான் மொதல்ல!"

இருளாயிக்குத் தொண்டை திரும்பக் கிடைத்துவிட்டது. குடம் குடத்தை இடித்தது. ஒருத்தி கொண்டை அவிழ்ந்தது.

மேஜைமேல் போன் அடித்தது. மாவட்டச் செயலாளர். மணி பன்னிரண்டு.

"என்னம்மா, மன்னிப்புக் கேட்டாச்சா? என்ன அங்க இவ்வளவு சத்தம்?"

அவள் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தாள். அவசரமில்லை. நன்றாகக் கேட்கட்டும்.

பிறகு காதில் வைத்து, ஒரு எழுத்தும் பிசகாமல் சொன்னாள்.

"குழாயடிச் சண்டைண்ணே."