மல்லாந்து படிப்பவள்

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நிற்பதற்குள் ரெஜினாவின் பெட்டிப் பூட்டை ஹேர்பின்னால் நெம்பிக்கொண்டிருந்தாள் செங்கமலம்.

விடுதியில் இருவருக்கும் ஒரே அறை, ஒரே குரூப் டூ தேர்வு. தினமும் செங்கமலம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தொண்டை வறள உரக்க ஒப்பிப்பாள். ரெஜினா கண்ணை மூடி மல்லாந்து கிடப்பாள். ஆனால் மாதிரித் தேர்வு ஒவ்வொன்றிலும் ரெஜினாதான் முதல், செங்கமலம் இரண்டாவது. ஞாயிற்றுக்கிழமை அசல் தேர்வு. அதற்குள் அந்த ரகசியம் தெரிந்தாக வேண்டும்.

பூட்டு திறந்தது. துணிகளுக்கடியில் ஒரே ஒரு நோட்டு.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே." ஈரத் தலையோடு ரெஜினா வாசலில் நின்றாள். "இதுக்குப் போய் திருட்டு வேலை."

"எப்படிடி படிக்கிற? நிஜத்தைச் சொல்லு."

"படிக்கிறதெல்லாம் நீதானடி. நான் சும்மா கேட்டுக்கிட்டுக் கிடப்பேன்."

"அப்ப இதுல என்ன எழுதுற?"

ரெஜினா தலையைத் துவட்டினாள். செங்கமலம் நோட்டைப் பிரித்தாள். பக்கத்துக்குப் பக்கம் தேதி போட்டு, பச்சை மையில், பொடி எழுத்தில் இருந்தன, செங்கமலம் ஒப்பித்தபோது தப்பாகச் சொன்ன விடைகள், ஆறு மாதமாக, ஒன்று விடாமல்.