கற்றல் இலக்கு: அச்சமின்றிப் பேசுதல்

“மிஸ், நீங்க சொல்றது தப்பு.”

சாவித்ரி மிஸ்ஸின் கையிலிருந்த மார்க்கர் நழுவிக் கீழே விழுந்தது. ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில், நடு பெஞ்சில், வினிதா எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

வேறு நாளாக இருந்தால் பரவாயில்லை. இன்றைக்குக் கடைசி பெஞ்சில், பிள்ளைகள் உட்காரும் இடத்தில் முழங்காலை மடக்கிக்கொண்டு ஹரிபிரசாத் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடங்களில் ஆங்கில இலக்கியம் நடத்தும் லட்சணத்தைப் பார்த்து மதிப்பீடு எழுத வெளியிலிருந்து வருகிறவர். போன வருடம் இதே மிஸ்ஸின் வகுப்பைப் பார்த்துவிட்டு, ‘எல்லாம் கிளிப்பிள்ளைகள்’ என்று ஒரே வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த ஒரு வரி பம்மல் முழுக்கச் சுற்றியது. கரஸ்பாண்டென்ட் லோகநாதன், அப்பாவின் நெல் வயலில் பள்ளிக்கூடம் கட்டிவிட்டு அதைக் ‘கேம்பஸ்’ என்று சொல்லித் திரிகிறவர், மிஸ்ஸைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“இந்த வாட்டியும் அவரு அப்படி எழுதினாருன்னா, நீங்க எல்கேஜிக்குப் போயிடுங்க மேடம். அங்க கிளிப்பிள்ளையா இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க.”

எம்.ஏ., எம்.ஃபில். படித்தவருக்கு ‘ஏ ஃபார் ஆப்பிள்’. யாருக்குத்தான் தூக்கம் வரும்? கொஞ்ச நாளாகவே மிஸ் இருட்டிய பிறகுதான் வீடு திரும்பினார். பி பிரிவுப் பிள்ளைகளின் வேனும் தாமதமாகத்தான் வந்தது. அப்படி என்னதான் நடக்கிறது என்று தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெருவுக்கு அதில்தான் வருத்தம்.

இன்று போர்டில் மணிமணியாக எழுதியிருந்தார். ‘கருப்பொருள்: நேர்மை. கற்றல் இலக்கு: மாணவர்கள் சுயமாகச் சிந்திப்பார்கள், அச்சமின்றிக் கருத்துரைப்பார்கள்.’

பாடம் ஒரு சின்ன ஆங்கிலக் கதை. பங்களாவில் வேலை பார்ப்பவன் எஜமானரின் கண்ணாடி ஜாடியை உடைத்துவிடுகிறான். உண்மையை ஒப்புக்கொள்கிறான். எஜமானர் உருகிப்போய் அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்.

கதை என்ன சொல்கிறது என்று மிஸ் கேட்டதும் மஹீன் எழுந்து, நேர்மை என்றாள். சூர்யா எழுந்து, நேர்மை என்றான். மூன்றாவது நேர்மை வந்தபோது ஹரிபிரசாத் பேனா மூடியைக் கழற்றினார். அப்போதுதான் வினிதா எழுந்து அப்படிச் சொன்னாள்.

“என்ன தப்பு?” என்று மிஸ் ஆங்கிலத்தில் கேட்டார். 

வினிதா தமிழில் பதில் சொன்னாள். அந்தக் கேம்பஸில் தமிழ் பேசினால் டைரியில் சிவப்பு மையில் எழுதி அனுப்பிவிடுவார்கள். அதையும் அவள் பொருட்படுத்தவில்லை.

“அது நேர்மை இல்ல மிஸ், பயம். ரூம்ல அவன் ஒருத்தன்தான் இருந்தான். சொல்லலைன்னாலும் பழி அவன் மேலதான் விழும். வேற வழி இல்லாம சொன்னதப் போய் நேர்மைங்கறீங்க. இதுல கட்டிப்பிடிச்சாராம். எங்க வீட்ல ஒரு டம்ளர் உடையட்டும், எங்கம்மாவ வந்து பாருங்க.”

“உக்காரு வினிதா.”

“மாட்டேன் மிஸ். நீங்க போர்டுல நேர்மைன்னு எழுதிட்டீங்க, அதான் எல்லாரும் நேர்மைங்கறாங்க. பூசணிக்காய்னு எழுதியிருந்தா பூசணிக்காய்னு சொல்லியிருப்பாங்க. அந்த வேலைக்காரன் மாதிரிதான் மிஸ்...”

கூரைக்கு மேலே விமானம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. விமான நிலையத்தை ஒட்டிய இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் அது போகிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு நிற்பது வழக்கம். வினிதாவும் நின்றாள். சத்தம் அடங்கியதும், ஒரு சொல் பிசகாமல் விட்ட இடத்தில் பிடித்தாள்.

“...அந்த வேலைக்காரன் மாதிரிதான் மிஸ் நாங்களும். பயத்துல சொல்றோம். நீங்க மார்க் போடறீங்க.”

வகுப்பில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த லோகநாதனின் முகம் கறுத்துப்போயிற்று. எல்கேஜிக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று அந்த முகத்திலேயே எழுதியிருந்தது.

ஹரிபிரசாத் மெதுவாக எழுந்தார். முழங்கால் ‘சடக்’ என்றது. பிறகு கை தட்ட ஆரம்பித்தார்.

“இத்தனை ஸ்கூல் ஏறி இறங்கறேன் மேடம், நான் தேடினது இதைத்தான். ஒரு கொழந்த எழுந்து நின்னு டீச்சரைத் தப்புன்னு சொல்லுதுன்னா, அந்தத் தைரியத்தக் குடுத்தது யாரு? நீங்க. போன வருஷம் எழுதினதுக்கு நான் வருத்தப்படறேன்.”

மதிப்பீட்டுத் தாளில் ‘மிகச் சிறப்பு’ என்று எழுதி, அதன் கீழே கோடும் போட்டார். ஜன்னலுக்கு வெளியே இருந்த முகம் நொடியில் வெளுத்து, பல்லைக் காட்டியது.

வாசலுக்குப் போனவர் திரும்பி வந்தார். “ஒண்ணே ஒண்ணு மேடம். நான் போனப்புறம் அந்தப் பொண்ணத் திட்டக் கூடாது.”

“ஐயோ, மாட்டவே மாட்டேன் சார்.” மிஸ்ஸின் கண் கலங்கியிருந்தது.

அவருடைய கார் பல்லாவரம் ரோட்டில் திரும்பி மறைந்தது. கரஸ்பாண்டென்ட் ஓடி வந்து மிஸ்ஸுக்குக் கும்பிடு போட்டார். மிஸ் அதை வாங்கிக்கொண்டு வகுப்புக்குத் திரும்பி, கதவைச் சாத்திவிட்டு, நேரே நடு பெஞ்சுக்குப் போனார். வினிதா தலையைக் குனிந்துகொண்டு எழுந்து நின்றாள்.

கொடுத்த வாக்கின் சூடுகூட ஆறவில்லை.

“ரிகர்சல்ல எல்லாம் கரெக்டா அழுத. இன்னிக்கு ஏன்டி அழல?”