மஞ்சள் தாள்

"மூணாம் நம்பர் வீட்டுல ராத்திரி பூரா இருமல் சத்தம். உடனே வந்து தாள் ஒட்டுங்க."

போனில் அதிகாரம் பண்ணியவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர். பன்னிரண்டு வீடு இருக்கும் அந்தக் கட்டடத்துக்கு, தொற்றும் ஊரடங்கும் வந்த நாளிலிருந்து அரசாங்கமே அவர்தான்.

மூணாம் நம்பரில் இருப்பது பள்ளிக்கூட வேன்காரர் குடும்பம். பள்ளிக்கூடத்தை மூடி நாலு மாசம் ஆகிறது. வேன் கீழே தூசி பிடித்து நின்றது.

சுகாதார ஊழியர் வந்தார். கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் நர்ஸம்மா. உள்ளே போனவர் அரைமணி நேரம் கழித்து வெளியே வந்து, கதவில் மஞ்சள் தாளை ஒட்டினார்.

"தொற்று. பதினாலு நாளைக்கு யாரும் வெளிய வரக்கூடாது, உள்ள போகக்கூடாது."

"பாத்தீங்களா, என் காது பொய் சொல்லாது!" செயலாளருக்கு அப்படி ஒரு பெருமை.

மொட்டை மாடிக்கு ஓடினார். துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்து வந்து, அந்த வாசலுக்குக் குறுக்கே இறுக்கிக் கட்டினார். "மூணாம் நம்பர் பக்கம் யாரும் தலைவெச்சுப் படுக்காதீங்க" என்று எல்லோருடைய போனுக்கும் செய்தி அனுப்பினார்.

எதிர்வீட்டு டீச்சருக்குத்தான் மனசு கேட்கவில்லை. "பாவம் சார், சின்னப் பிள்ளைங்க ரெண்டு இருக்கு."

"பாவம் பாத்தா நாம பாடையிலதான் போகணும்மா."

தாள் ஒட்டிய வீட்டுக்கு அரசாங்க வண்டியில் ரெண்டு வேளையும் சாப்பாட்டுப் பொட்டலம் வரும். கயிற்றில் மாட்டிவிட்டுப் போவார்கள். செயலாளர் மாடிப்படியில் நின்று பார்ப்பார்.

"முட்டையெல்லாம் வருதா? நோயாளிக்கு வந்த யோகத்தப் பாருங்க!"

ஒருநாள் வேன்காரரின் சின்னப் பெண் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டது. "மாமா, நாங்க நல்லாத்தான் இருக்கோம் மாமா. விளையாட வரட்டா?"

"ஏய், உள்ள போ!" என்று கத்தினார். அம்மாக்காரி ஓடி வந்து பிள்ளையின் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனாள்.

செயலாளர் வீட்டில் எல்லாமே கட்டுப்பாடுதான். காலை ஒன்பது மணிக்குச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி, "ஆபீஸ் மீட்டிங்" என்று கதவைச் சாத்திக்கொள்வார். நாலு பாக்கெட் பால் வாங்கின வீட்டில் இப்போது ஒன்றுதான். கேட்டால், "பால் குடிச்சா சளி கட்டுது" என்பார்.

பதினாலாம் நாள். தாளைக் கிழிக்க நர்ஸம்மா வந்துவிட்டார் என்று தெரிந்ததும் செயலாளர் இறங்கி வந்தார். படி திரும்பும் இடத்தில் குரல் கேட்டு நின்றார்.

"இன்னும் ஒரு பதினாலு நாளைக்கு ஒட்டிடுங்க நர்ஸம்மா. உங்க காலப் பிடிச்சுக் கேக்கறேன்."

"நோயே இல்லாத வீட்டுக்கு எத்தனை தடவைதாம்மா ஒட்டுறது? அன்னைக்கு உன் வீட்டுக்காரருக்கு இருந்தது வெறும் தூசி இருமல். பிள்ளைங்க தண்ணியக் குடிச்சிட்டுச் சுருண்டு கிடந்ததப் பாத்தேன். மனசு கேக்காம ஒரு பொய்யை எழுதி ஒட்டிட்டேன்."

"நிவாரணம் கேட்டுப் போனா, உன் பேர்ல வேன் இருக்கு, உனக்குக் கிடையாதுன்னு துரத்திட்டாங்க. வேனைக் கடிச்சா திங்க முடியும்? இந்தத் தாள் இருந்தாத்தானே சோறு வருது."

செயலாளரின் செருப்புச் சத்தம் கேட்டு ரெண்டு பேரும் திரும்பினார்கள். நர்ஸம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. வேன்காரர் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சார், மேல சொல்லிடாதீங்க சார். என் வேலை போயிடும். நானும் பிள்ளகுட்டிக்காரி."

செயலாளர் கயிற்றில் தொங்கிய பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படிக்கட்டில் மேலும் கீழும் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

"பத்தாம் நம்பருக்கு ஒரு தாள் ஒட்ட முடியுமாம்மா?"

நர்ஸம்மாவுக்குப் புரியவில்லை. "பத்தாம் நம்பர் உங்க வீடாச்சே சார்! யாருக்கு உடம்பு சரியில்ல?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல." முகக்கவசத்துக்குள் குரல் கம்மியது. "என்னை வேலையை விட்டு அனுப்பி மூணு மாசம் ஆச்சு. வெளிய யாருக்கும் தெரியாது."

நர்ஸம்மா பையிலிருந்து ரெண்டு தாளை எடுத்தார்.

"கயித்துக்குக் கவலை வேணாம்மா," என்றார் செயலாளர். "என் வாசலுக்கு நானே கட்டிக்கிறேன்."