எத்தனை பேர் வருவீங்க?

ஞாயிற்றுக்கிழமை வழக்கறிஞர் சங்கத்தின் குடும்ப விழா. செயலாளர் இளவரசன் சங்க அறையில் தனியாக உட்கார்ந்து, சாப்பாட்டுக்கு ஆள் கணக்குக் கேட்டுப் போன் செய்துகொண்டிருந்தான். சங்க வேலை இருந்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. எல்லோரும் நாலு, அஞ்சு என்றார்கள். தென்றலை மட்டும் கடைசியாகக் கூப்பிட்டான்.

"வக்கீல் தென்றல் மேடமா? சங்கத்துலேர்ந்து பேசறேன். வேங்கிக்கால் மண்டபத்துல குடும்ப விழா. எத்தனை பேர் வருவீங்க?"

"நான் ஒருத்திதாங்க. குடும்ப விழாவுக்குத் தனியா வந்து என்ன பண்றது? என்னை விட்டுடுங்க."

"அப்படிச் சொல்லாதீங்க மேடம். கத்திரிக்கா போடாதீங்கன்னு சமையல்காரர்கிட்ட சொல்லிட்டேன்."

கத்திரிக்காய் தின்றால் அவளுக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும் என்று, அத்தனை வருடம் அவளோடு குடும்பம் நடத்தியவனுக்குத் தெரியாதா? போன வருடம்தான் எதிர்க் கட்டடத்திலுள்ள குடும்ப நல நீதிமன்றத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தார்கள்.

"இன்னும் ஞாபகம் வெச்சிருக்கீங்களா?" என்றாள் தென்றல். "சரி, உங்க வீட்லேர்ந்து எத்தனை பேர்?"

"நானும் ஒருத்தன்தான், தென்றல்."

அவள் மெல்லச் சொன்னாள்.

"அப்ப தனித்தனியா எழுதாதீங்க. ரெண்டு பேருன்னு போட்டுக்கங்க."