முழு முட்டை

மாத்திரைக்கு வரிசை சேர்வதற்குள் புதிய படத்தை ஒட்டிவிட வேண்டுமென்று நர்ஸ் ஆக்னஸ் அவசரமாகப் பசை தடவினாள். பழையதைக் கிழித்துவிட்டு ஒட்டச் சொல்லித்தான் உத்தரவு. அவள் ஒருமுறையும் கிழித்ததில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, சுகாதார நிலையத்துச் சுவரில் அந்த இடம் மட்டும் அட்டைபோல் தடித்திருந்தது. முதல் படம் தினம் ஒரு முட்டை தின்னச் சொன்னது. அடுத்ததில் மஞ்சள் கருவின்மேல் சிவப்பாகப் பெருக்கல் குறி விழுந்தது. இன்று வந்ததிலோ, தட்டு நடுவில் முழு முட்டை சட்டமாக உட்கார்ந்திருந்தது.

"இதை எப்ப மாத்துனாங்க, சிஸ்டர்?"

குரலிலேயே தெரிந்தது, தனபாக்கியம். அவள் புருஷன் சாகும்வரை பதினோரு வருஷம் வெள்ளைக் கருவை மட்டும் தின்றவர். ஒரேயொரு மஞ்சள் கருவுக்காகக் குழந்தை மாதிரிக் கெஞ்சுவாராம். ஆக்னஸ் சொன்ன சொல்லைத் தனபாக்கியம் மீறவில்லை. அவர் போன பிறகு வருஷாவருஷம் படையல் இலையில்கூட, மஞ்சள் கருவைத் தோண்டி எடுத்துவிட்டுத்தான் முட்டை வைத்தாள்.

"இப்பதான்க்கா... மேலேருந்து வந்துச்சு."

"நாளைக்கு அவருக்குப் படைக்கணும்." தனபாக்கியம் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "முழுசா வைக்கட்டுமா? நீங்க சொன்னாத்தான் வைப்பேன்."

பசை காயாத மூலையொன்று மெல்லச் சுருண்டு, அடியிலிருந்து சிவப்புக் குறியின் ஒரு கால் எட்டிப் பார்த்தது. ஆக்னஸ் அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். கையை எடுக்கத் துணிவு வரவில்லை.