சுவருக்கு அடியில் இரண்டு கால்கள்

சம்பவம் நடந்தபோது அங்கே இருந்தவர்கள் நான்கு பேர்: இராஜரட்ணம், அவர் மனைவி மங்கையற்கரசி, அவளுடைய தங்கை அருள்நாயகி, தங்கையின் கணவர் அன்புராசா. ஐந்தாவது ஆள் கிடையாது. பிறகு கதை பரப்பியவர்களில் ஒருவர்கூட அன்று நகருக்கு வெளியே ஸ்ரௌவ்வில் பக்கம் வரவில்லை.

1994 ஒக்டோபர், ஞாயிறு மத்தியானம். இராஜரட்ணத்தின் கால்கள் இரண்டும் மட்டுமே வெளியே தெரிந்தன. மற்ற உடம்பு, அவர் திருத்திக்கொண்டிருந்த பழைய மரக்குற்றி வீட்டின் சுவருக்குக் கீழே கிடந்தது.

சுவரின் அடிமரம் உக்கிப் போயிருந்தது. இரண்டு ஜாக்கில் சுவரைத் தூக்கி, உக்கியதை அறுத்தெடுத்தாயிற்று. அவர் மல்லாந்து கிடந்து புது மரத்தைப் பொருத்த, வெளியே அன்புராசா அதை அலவாங்கு என்ற கடப்பாரையால் நெம்பிப் பிடித்திருந்தார். அவர் கையை விட்டால் மரம் உருண்டு இராஜரட்ணத்தின் நெஞ்சில் ஏறும்.

சற்று முன்னர் மங்கையற்கரசி, “இஞ்சேருங்கோ, தேத்தண்ணி” என்று குரல் கொடுத்திருந்தாள். அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே குரல்; புருசனைக் கூப்பிடுவதும் இருவரும் ‘இஞ்சேருங்கோ’ என்றுதான். தன்னைத்தான் என்று அன்புராசா திரும்ப, அலவாங்கு ஓர் அங்குலம் வழுக்கியது.

“அக்கா கூப்பிட்டா உங்களுக்கென்ன?” என்று அருள்நாயகி ஏசினாள்.

அதற்குப் பிறகுதான் மங்கையற்கரசி அதைக் கண்டாள். மழையில் ஊறிய மண்ணில் ஜாக்கின் அடிப்பலகை ஒரு பக்கமாகப் புதைந்துகொண்டிருந்தது. சுவர் நறநறத்தது.

வாயைத் திறந்தவள், அன்புராசாவின் கைகளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். பிறகு கத்தினாள்.

கால்கள் அசையவில்லை.

மறுபடி கத்தினாள். அன்புராசா சுவரைப் பார்க்காமல் அவளையே வாய் பிளந்து பார்த்தார், அலவாங்கை விடவில்லை. கால்கள் அப்படியே கிடந்தன. உயிர் போய்விட்டது என்றே அருள்நாயகி அழத் தொடங்கினாள்.

மூன்றாம் முறை கத்தியபோது மங்கையற்கரசியின் குரல் உடைந்தது. கால்கள் துள்ளின. இராஜரட்ணம் உருண்டு வெளியே வந்த அதே கணம் ஜாக் சரிந்து, அவர் கிடந்த இடத்தில் சுவர் குந்தியது.

அடுத்த கிழமைக்குள் புலம்பெயர்ந்த தமிழர் நிறைந்த டோர்செட் பார்க் அடுக்குமாடிகளில் மாடிக்கு மாடி ஒரே பேச்சு. மனைவி மூன்று தரம் கத்தியும் மனிதர் பயத்தில் விறைத்துக் கிடந்தாராம். பயந்தவர் என்று ஒருவரும் பெயரெடுக்காத குடும்பம் அது.

ஒரு கலியாண வீட்டில், பலர் முன்னிலையில், அதே மாடிகளில் ஒன்றில் இருந்த மகேஸ்வரன் கேட்டே விட்டான்.

“என்ன அண்ணை, பயத்திலை கால் ரெண்டும் விறைச்சுப் போச்சாமே?”

மங்கையற்கரசி தலையைக் குனிந்துகொண்டாள். இராஜரட்ணம் முதுகை நிமிர்த்தினார்.

“பயமில்லை, தம்பி. இருபது வருசத்திலை அவ என்ரை பேரைச் சொல்லிக் கேட்டதில்லை. இராஜரட்ணம் எண்டு வேறை ஆரோ வந்திருக்கினமாக்கும் எண்டு கிடந்தனான்.”